இரண்டு நாளா, பத்து ஞாயிறா? டிசைன் பேட்டர்ன் பயிற்சியை எப்படி நடத்துவது

திருப்பூர், அவிநாசி, ஈரோடு பக்கம் மென்பொருள் வேலை பார்க்கிற பதினோரு பேர் சேர்ந்து, வரும் ஆடியில் ஓர் இலவசப் பயிற்சிப் பட்டறை தொடங்கப் போகிறோம். பாடம், மென்பொருள் டிசைன் பேட்டர்ன்கள், அதாவது நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வருகிற சிக்கல்களுக்கான தீர்வுக் கருக்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. வருவதாகச் சொன்னவர்களும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். எந்த வடிவத்தில் நடத்துவது என்பதில்தான் இழுபறி. கோவையில் ஒரு கல்லூரி அரங்கை வாங்கிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுமூச்சாக நடத்தி முடித்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. திருப்பூரிலேயே வாரம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம், பத்து வாரம் என்பது இன்னொரு தரப்பு. அலைச்சலே வேண்டாம், இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் நடத்திப் பதிவையும் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். புத்தகம் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும், சந்தேகம் வந்தால் நம்மைக் கேட்கட்டும் என்று சொன்ன மூத்தவர் ஒருவரும் உண்டு.

மூன்று முறை கூடிப் பேசிவிட்டோம். நான் பத்து ஞாயிறு பக்கம் நிற்கிறேன். அதற்கான காரணங்களை எழுதுகிறேன், மற்ற வழிகளில் இருக்கிற நன்மைகளையும் சேர்த்து. இதே கேள்வியோடு கரூரிலோ நாமக்கல்லிலோ ஒரு குழு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் பயன்படும்.

முதலில், வரப்போகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். மூன்று பேர், நான்கு பேர் இருக்கிற சின்ன அலுவலகங்கள். நிரல் எழுதுகிறவரே வண்டியில் போய் வாடிக்கையாளரின் கணினியில் நிறுவிவிட்டு வருவார். சனிக்கிழமை மாலை சம்பளப் பட்டியல் வரவில்லை என்றால் போனை எடுப்பவரும் அவரே. மிச்சப் பேரில் சிலர் கோவையில் பெரிய நிறுவனங்களில் இருக்கிறார்கள், சிலர் இறுதியாண்டு படிக்கிறார்கள். பெரிய நிறுவனத்தில் நாம் எழுதிய நிரலை மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுவார். சின்ன அலுவலகத்தில் அதற்கு ஆளில்லை. எழுதியது ஓடுகிறதா, ஓடுகிறது, அவ்வளவுதான். ஐந்து ஆண்டு வேலை பார்த்த பிறகும் தன் நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்ததே இல்லை என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். பயிற்சியில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது என்ன என்று யோசித்துப் பார்த்தால், பாடத்தைவிட அந்த இன்னொரு கண்தான் பெரிதாகத் தெரிகிறது.

அட்டையும் பேட்டர்னும்

திருப்பூரில் 'பேட்டர்ன்' என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேட்டர்ன் மாஸ்டர் அளவுப் பட்டியலைப் பார்த்து முன்பக்கம், பின்பக்கம், கை என்று அட்டையில் வெட்டித் தருவார். அடுக்கிய துணிமேல் அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டினால் ஆயிரம் உருப்படியும் ஒரே அளவில் வரும். வரவும் வேண்டும், கொஞ்சம் மாறினால் சரக்கு திரும்பிவிடும். டிசைன் பேட்டர்ன் என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் மனதில் வருவது இந்த அட்டைதான். புத்தகத்தில் இருக்கிற வரைபடத்தை அப்படியே தங்கள் நிரலின்மேல் வைத்து வெட்டப் பார்க்கிறார்கள்.

மென்பொருளுக்கு இந்தச் சொல் கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் தன் குழுவினரோடு 1977-இல் வெளியிட்ட நூலில் 253 பேட்டர்ன்கள் இருந்தன. ஓர் அறைக்கு இரண்டு பக்கமிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. திரும்பத் திரும்ப வருகிற ஒரு சிக்கலையும் அதற்கான தீர்வின் கருவையும் சொல்வதுதான் பேட்டர்ன், அதைப் பல லட்சம் முறை பயன்படுத்தலாம், ஒரு முறை செய்ததுபோல் மறுமுறை இருக்காது என்பது அவருடைய விளக்கம். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று விளங்கும். நடுவே வானம் பார்த்த தொட்டி, சுற்றி ஆசாரம் என்கிற தாழ்வாரம், வெயிலும் மழையும் உள்ளே வரும், ஆனால் வீடு நனையாது. காங்கேயம் பக்கம் ஒரு வீட்டையும் கோபி பக்கம் ஒரு வீட்டையும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே அளவில் இருக்காது. இரண்டையும் கட்டிய கொத்தனார்களுக்குக் கரு ஒன்றுதான்.

1987-இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு நிரலாளர்கள் இந்த எண்ணத்தை ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியில் முயன்று பார்த்தார்கள். 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் நால்வரும் சேர்ந்து எழுதிய நூல் வந்தது. அதில் ஆப்ஜெக்ட்களை (தரவும் அதற்கான செயல்களும் சேர்ந்த நிரல் துண்டுகளை) உருவாக்குவது பற்றி 5, அவற்றை அடுக்கிக் கட்டுவது பற்றி 7, அவை தமக்குள் நடந்துகொள்வது பற்றி 11 என்று மொத்தம் 23 பேட்டர்ன்கள். ஒவ்வொன்றுக்கும் வரைபடம் உண்டு. கூடவே அது எங்கே பொருந்தும், அதைக் கொண்டுவந்தால் என்ன நன்மை, என்ன சுமை என்றும் எழுதியிருக்கிறார்கள். வகுப்புகளில் வரைபடம் வந்து சேர்கிறது. சுமை பற்றிய பக்கத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. என் கவலை எல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றியதுதான். எந்த வழியில் அதற்கு நேரம் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடைபோடுகிறேன்.

இரண்டு நாள் பட்டறை

இதன் பலம் வெளிப்படையானது. நூறு பேர், நூற்றைம்பது பேர் உட்காரலாம். ஒரே முறை ஏற்பாடு, ஒரே முறை சாப்பாடு. தூரத்திலிருந்து வருகிறவர் ஒரு முறை பஸ் ஏறினால் போதும். கோவையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, விடுமுறை நாளில் அரங்கம் கேட்டால் மனமுவந்து கொடுக்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தவிர, நூறு பேர் ஓர் இடத்தில் கூடுவதே ஓர் ஊக்கம். தாராபுரத்தில் தனியாக உட்கார்ந்து நிரல் எழுதுகிற ஒரு பையனுக்குத் தன்னைப்போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிவது சாதாரண விஷயமில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாளில் சாப்பாடு, தேநீர், அறிமுகம் எல்லாம் போகப் பன்னிரண்டு மணி நேரம் மிஞ்சும். 23 பேட்டர்ன்களையும் நடத்துவது என்றால் ஒன்றுக்கு அரை மணி நேரம். பெயர், வரைபடம், ஒரு சின்ன எடுத்துக்காட்டு, அடுத்தது. எடுத்துக்காட்டில் வருவது எப்போதும் வாத்து, பீட்சா, காபி. நம் நிரலில் அவை இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி ஒரு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே நடத்தினார்கள். ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பும்போது கையில் நிறைந்த குறிப்பேடு, மனதில் பெரிய உற்சாகம். எல்லாவற்றிலும் எளிதாகப் புரிந்தது சிங்கிள்டன். ஒரு கிளாஸுக்கு, அதாவது ஆப்ஜெக்ட்டை வார்க்கிற அச்சுக்கு, ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும், எங்கிருந்து கேட்டாலும் அதுவே வர வேண்டும். திங்கட்கிழமை அலுவலகம் போனதும், அப்போது எழுதிக்கொண்டிருந்த பில்லிங் மென்பொருளில் 'நடப்பு நிறுவனம்' என்ற விவரத்தை ஒரு சிங்கிள்டனாக மாற்றினேன். நிறுவனத்தின் பெயர், முகவரி, பில் எண் வரிசை எல்லாம் அதற்குள். நிரல் அழகாகச் சுருங்கியது.

எட்டு மாதம் கழித்து அந்த வாடிக்கையாளர் இன்னொரு பெயரில் இரண்டாவது யூனிட் தொடங்கினார். இரண்டு யூனிட்டுக்கும் ஒரே சர்வர். இங்கே ஒருவர் முதல் யூனிட்டைத் திறந்து பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே ஒருவர் இரண்டாவது யூனிட்டைத் திறந்தார். 'நடப்பு நிறுவனம்' சர்வரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது மாறிவிட்டது. முதல் யூனிட்டின் ஒன்பது பில்கள் இரண்டாவது யூனிட்டின் எண் வரிசையில், அதன் பெயரில் அச்சாகி லாரியோடு போய்விட்டன. கணக்காளர் இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தார். நான் மூன்று வாரம் உட்கார்ந்து அந்தச் சிங்கிள்டனைப் பிடுங்கி எடுத்தேன். சிங்கிள்டன் என்றால் என்ன என்று எனக்குச் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'ஒன்றுதான் இருக்கும் என்று நீ நினைப்பது நாளை இரண்டாகுமா?' என்று என் நிரலைப் பார்த்துக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நூறு பேர் இருந்த அறையில் அது முடியவும் முடியாது.

இரண்டு நாள் பட்டறைக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில், 23-ஐயும் நடத்த வேண்டாம், ஆறை மட்டும் எடுப்போம் என்பது. அது நல்ல திருத்தம். அப்படிச் செய்தால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். என்றாலும் கற்றதைத் தன் நிரலில் போட்டுப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டு, திரும்பி வந்து கேட்பதற்கு நடுவில் நாட்கள் வேண்டும். சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஓர் இரவுதான் இருக்கிறது.

பத்து ஞாயிறு

முடிவெடுப்பதற்கு முன் ஒரு ஞாயிறு சோதனையாக நடத்திப் பார்த்தோம். ஒரு நண்பரின் அலுவலக மாடி, பதினான்கு பேர். எடுத்துக்கொண்டது சனிக்கிழமைச் சம்பளம்.

பனியன் கம்பெனியில் சம்பளம் எத்தனை வகை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஷிப்ட் கணக்கில் வருகிறவர் உண்டு. ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால், இரவு வரை நின்று ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளுக்கு 750. ஐந்து நாள் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை ஒரு ஷிப்ட், ஆக எட்டரை ஷிப்டுக்கு 4,250. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் உண்டு. ஒரு பீஸுக்கு 2 ரூபாய் 40 காசு என்றால் 1,850 பீஸுக்கு 4,440. ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கூட்டி வந்து மொத்தமாகப் பணம் வாங்கிப் போவதும் உண்டு. இதற்குமேல் முன்பணப் பிடித்தம், பிஎஃப், இஎஸ்ஐ.

எங்களில் ஒருவர் இந்தக் கணக்குக்கு எழுதிய நிரலைப் பெயர்களையும் ரேட்டுகளையும் மாற்றி அச்செடுத்து வந்திருந்தார். 140 வரி. ஷிப்ட் என்றால் இப்படி, பீஸ் என்றால் அப்படி, ஒப்பந்தம் என்றால் வேறு என்று இஃப்-எல்ஸ் ஏணி. முதல் அரை மணி நேரம் யாரும் பேட்டர்ன் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: நாளை முதலாளி நான்காவதாக ஒரு வகை கொண்டுவருகிறார், பாதி ஷிப்ட், பாதி பீஸ், எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? எல்லோரும் தாள்களைப் புரட்டி எண்ண ஆரம்பித்தார்கள். கோபியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்தான் முதலில் சொன்னார்: "அண்ணா, இதே ஏணி சம்பளப் பட்டியலில் ஒன்று, சம்பளச் சீட்டில் ஒன்று, பிஎஃப் அறிக்கையில் ஒன்று, முன்பணக் கணக்கிலும் ஒன்று. நான்கு இடம். முன்பணக் கணக்கில் ஒப்பந்தக்காரருக்கு ஒரு வரி நிரல்கூட இல்லை." எழுதியவருக்கே அது தெரியாது. மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிற நிரல்.

பிறகு வெள்ளைப் பலகையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். சம்பளம் கணக்கிடும் முறையைத் தனியே பிரித்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்ன கிளாஸ். தொழிலாளியின் பதிவில் அவருக்கு எந்த முறை என்பது மட்டும் இருக்கும். நான்கு ஏணிகளும் போய், நான்கு இடத்திலும் ஒரே ஒரு அழைப்பு நின்றது. புதிய வகை வந்தால் ஒரு புதிய கிளாஸ், பழையதில் கை வைக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகுதான் இதற்குப் பெயர் ஸ்ட்ராட்டஜி, 1994-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். அந்தப் பெயரை அவர்கள் இனி மறக்க மாட்டார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது, எனக்கு அதுதான் முக்கியம். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்குக் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி தன் நிரலைக் காட்டினார். விரலி மஞ்சளுக்கு ஒரு கணக்கு, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு கணக்கு, இரண்டே வகை, ஒரே இடத்தில் ஒரே ஒரு இஃப். இதையும் ஸ்ட்ராட்டஜியாக மாற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அந்த இரண்டும் எத்தனையோ காலமாக இரண்டாகவே இருக்கின்றன, ஒரே இடத்தில் இருக்கிறது, படித்தால் புரிகிறது. பேட்டர்னைக் கொண்டுவந்தால் ஒரு கோப்பு நான்கு கோப்பாகும், பலன் ஒன்றுமில்லை. 'இங்கே வேண்டாம்' என்று ஒருவரின் நிரலைப் பார்த்துச் சொல்வதற்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி இந்த வழியின் குறைகள். ஆட்கள் உதிர்வார்கள். பத்து வாரம் என்றால் பத்தாவது வாரம் பாதிப் பேர் இருந்தாலே பெரிது. கொங்கு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்துவிட்டால் ஒரம்பரை (உறவினர்) வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, போகவில்லை என்றால் கேள்வி வரும். அதனால்தான் ஆடியில் தொடங்குகிறோம். ஆடியில் கல்யாணம் இல்லை, முதல் நான்கைந்து வாரம் தடையில்லாமல் போகும், பழக்கம் ஊன்றிவிடும். ஆவணியில் சிலர் ஓரிரு வாரம் வராமல் போனாலும் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறோம். தீபாவளிக்கு முன் போனஸ் கணக்கு தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஞாயிறே கிடையாது. அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

இடமும் ஒரு குறைதான். அந்த மாடியில் இருபது பேருக்கு மேல் உட்கார முடியாது. நாற்பது பேரைக் காலை பத்து முதல் ஒன்று வரை ஓர் அணி, இரண்டரை முதல் ஐந்தரை வரை ஓர் அணி என்று பிரிக்கிறோம். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை வைக்கலாம் என்று முதலில் பேசியதை, வெளியூர்ப் பெண்கள் திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்துக் கைவிட்டோம்.

இப்படிக் கூடிப் படிப்பதே ஒரு கலை. அமெரிக்காவில் டிசைன் பேட்டர்ன் படிப்பு வட்டங்களை நடத்திய ஜோஷுவா கெரியெவ்ஸ்கி, வட்டத்தை நடத்தும் முறையையே ஒரு பேட்டர்ன் தொகுப்பாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் வேறு ஒருவர் பேச்சை நடத்த வேண்டும் என்பது எங்களுக்கு அதில் பிடித்தது. சொல்லிக்கொடுக்கிறவர் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தால் ஐந்தாவது வாரம் அது மறுபடியும் வகுப்பாகிவிடும்.

இணையமும் புத்தகமும்

இரவு ஒன்பது மணி இணைய வகுப்பை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். தாளவாடியிலோ வெள்ளகோவிலிலோ இருப்பவருக்கு வாராவாரம் திருப்பூர் வந்து போவது முடியாத காரியம், அவருக்கு இதுதான் வழி. பதிவு மிஞ்சும் என்பதும் உண்மை. ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தவர் இரவில் மறுபடி திரை முன் உட்கார்ந்து, ஒலியையும் படத்தையும் அணைத்துவிட்டுக் கேட்கிறார். யார் முகத்தில் குழப்பம் இருக்கிறது என்று தெரியாது. தாளைப் புரட்டி எண்ணியதுபோன்ற ஒன்று அங்கே நடப்பதை நான் இதுவரை பார்க்கவில்லை. ஞாயிறு வகுப்பின் வெள்ளைப் பலகைப் படங்களையும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள நிரலையும் எல்லோருக்கும் பொதுவில் வைப்போம். தூரத்தில் இருப்பவர்களுக்குப் புதன் இரவு ஒரு மணி நேரம் சந்தேக நேரம். இப்போதைக்கு எங்களால் முடிந்தது அவ்வளவு.

தனியே படிப்பது பற்றி மூத்தவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏழெட்டு ஆண்டு நிரல் எழுதிச் சலித்தவர் அந்த 1994 நூலைத் திறந்தால், 'அட, இதைத்தானே நான் அன்றைக்குத் தட்டுத் தடுமாறிச் செய்தேன்' என்று பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் கண்டுகொள்வார். அவருக்குப் பட்டறையே வேண்டாம். இரண்டாம் ஆண்டு அனுபவத்தில் இருப்பவருக்கு அந்த நூல் கடினம். எடுத்துக்காட்டுகள் சி++, ஸ்மால்டாக் மொழிகளில். விரிவாக எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஓர் ஆவணத் தொகுப்பி, அதாவது ஆவணங்களை எழுதித் திருத்துகிற மென்பொருள். நம்மில் யாரும் ஆவணத் தொகுப்பி எழுதுவதில்லை. பத்து வாரம் முடிந்த பிறகு அதைக் கையில் கொடுத்தால் படிப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

மொழி, பாடம், காசு

எந்த நிரல்மொழி என்பதிலும் கொஞ்சம் சண்டை நடந்தது. வருகிறவர்களில் ஜாவா, சி ஷார்ப், பிஎச்பி, பைத்தான் நான்கும் உண்டு. ஒரே மொழியில் நடத்தினால் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் மொழி மாறும்போது பேட்டர்னின் உருவம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் அட்டை மயக்கம் தீரும். 1996-இலேயே பீட்டர் நார்விக் என்ற கணினி அறிஞர், அந்த 23-இல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் மிக எளிமையாகிவிடுகின்றன அல்லது கண்ணுக்கே தெரியாமல் போகின்றன என்று காட்டினார். எங்கள் சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜாவாவில் ஓர் இன்டர்ஃபேஸ், மூன்று கிளாஸ். 2014-இல் ஜாவா 8 வந்த பிறகு மூன்று லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) போதும். பைத்தானில் மூன்று ஃபங்ஷன்களை ஒரு டிக்‌ஷனரியில் போட்டால் முடிந்தது. சிந்தனை ஒன்று, உருவம் மூன்று. அதனால் அவரவர் தன் மொழியிலேயே எழுதட்டும் என்று விட்டுவிட்டோம். பேச்சு முழுக்கத் தமிழில். பேட்டர்ன்களின் பெயர்களை மட்டும் மாற்றவில்லை, நாளை வேறு ஊரில் வேலைக்குப் போனால் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேச வேண்டும்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோல் வைத்தோம்: நம் ஊர்த் தொழிலில் எது மாறிக்கொண்டே இருக்கிறது? வரி மாறுகிறது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது, வரிக் கணக்கைப் பல படிவங்களில் தனித்தனியே எழுதி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2025 செப்டம்பரில் விகிதங்கள் மறுபடி மாறின. வரியை ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு அது அரை நாள் வேலை. வெளிக்கருவிகள் மாறுகின்றன. விரல் ரேகை வருகைப் பதிவுக் கருவியை முதலாளி வேறு நிறுவனத்துடையதாக மாற்றுவார், அதன் தரவு வேறு வடிவில் வரும், அதை நம் நிரலுக்குப் பொருந்த மாற்றித் தர அடாப்டர். துணி லாட் கைமாறுகிறது. நிட்டிங் முடிந்து சாயத்துக்குப் போய், அங்கிருந்து துணியின் அளவை நிலைப்படுத்துகிற காம்பாக்டிங், பிறகு கட்டிங். நிறம் சரியில்லை என்றால் மறுபடி சாயத்துக்குத் திரும்பும். எந்த நிலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை எழுதும்போது ஸ்டேட் பேட்டர்ன் தானாக வந்து நிற்கும். பெட்டிக்குள் பாலிபேக், அதற்குள் அளவு வாரியாகப் பீஸ், மொத்தம் எத்தனை என்று எந்த மட்டத்தில் கேட்டாலும் விடை வர வேண்டும் என்றால் காம்போசிட். இவற்றோடு ஆப்சர்வர், டெம்ப்ளேட் மெத்தட், ஃபேக்டரி மெத்தட், கமாண்ட் என்ற நான்கு பேட்டர்ன்கள். ஸ்ட்ராட்டஜியையும் சேர்த்து எட்டு. ஒன்பதாவது வாரம் சிங்கிள்டனுக்கு, அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று மட்டும் பேச. பத்தாவது வாரம் அவரவர் மாற்றி எழுதிய நிரலைக் காட்ட. மிச்சப் பதினான்கும் தேவை வரும்போது வரட்டும்.

காசு விஷயத்தில் ஒரு யோசனை வந்தது. இலவசம் என்றால் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பார்கள், அதனால் 200 ரூபாய் முன்பணம் வாங்கிப் பத்து வாரமும் வந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. எனக்கு ஒப்பவில்லை. பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் கணக்குப் பார்த்து வருகிற மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 200 ரூபாயை இரண்டரை மாதம் நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்ற பேச்சு வேறு வரும். அதற்குப் பதில் வேறு நுழைவுச்சீட்டு வைத்தோம்: தான் எழுதிய நிரல் நூறு வரி. அலுவலகத்து நிரலை அப்படியே கொண்டுவரக் கூடாது, அது அவர்களுடைய சொத்து. சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு பெயர், ரேட், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் புதிதாக எழுதி வர வேண்டும். அந்த நூறு வரியை உட்கார்ந்து எழுதுகிறவர் கட்டாயம் வருவார். மாணவர்கள் தங்கள் கல்லூரித் திட்டப்பணியைக் கொண்டுவரலாம்.

கல்லூரி அரங்கை நாங்கள் அடியோடு விட்டுவிடவில்லை. பத்து வாரமும் முடிந்த பிறகு, புரட்டாசியில் ஒரு ஞாயிறு, கோவையில் ஒரு நாள் மட்டும் எல்லோரையும் அழைக்கலாம் என்று இரண்டு நாள் தரப்பினரோடு ஒத்துக்கொண்டிருக்கிறோம். அன்று மேடையில் பேசுகிறவர்கள் ஆசிரியர்களாக இருக்க மாட்டார்கள். பத்து வாரம் வந்தவர்கள் தங்கள் நிரலின் பழைய உருவத்தையும் புதிய உருவத்தையும் காட்டுவார்கள். இருக்கிற ஆசிரியர்கள் போதவில்லை என்பதால், அடுத்த ஆண்டு ஈரோட்டில் ஒரு வட்டத்தை நடத்த ஆள் அங்கிருந்துதான் கிடைக்க வேண்டும்.

ஆடி முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடக்கம். புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளைப் பலகை இரண்டு, நான்கு நிறத்தில் மார்க்கர், ஒவ்வொருவர் கையிலும் நூறு வரியின் அச்சுப் பிரதி. முதலில் பேச்சை நடத்தப் போகிறவர், முன்பணக் கணக்கில் விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்த அந்தக் கோபிப் பெண்.